மறைத்த கமெண்டுகளை ஒருமுறை திறந்து பாருங்கள்

பிராண்டுகளின் மார்க்கெட்டிங் பிரிவுகளிலும் அவற்றின் ஏஜென்சிகளிலும் வேலை பார்க்கும் நண்பர்களுக்கு,

வணக்கம்.

உங்களில் பலரை எனக்குத் தெரியாது. ஆனால் உங்கள் நாள் எப்படி ஓடும் என்பது தெரியும். வந்து உட்கார்ந்ததும் நேற்றைய ரீச் எவ்வளவு, அதாவது எத்தனை பேர் பார்த்தார்கள், எங்கேஜ்மென்ட் எவ்வளவு, அதாவது எத்தனை பேர் லைக், கமெண்ட் போட்டார்கள் என்று பார்ப்பீர்கள். பதினொரு மணிக்குப் போக வேண்டிய போஸ்ட்டுக்குப் பத்தே முக்கால் வரை அப்ரூவல் வராது. வரும்போது, லோகோவை இன்னும் கொஞ்சம் பெரிதாக்கச் சொல்லி வரும். நானும் ஏழு வருடம் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தவன்தான். ஒரே நேரத்தில் நான்கைந்து பிராண்டுகளின் பக்கங்கள் என் கையில் இருக்கும். காலையில் ஷாம்பூவாகப் பேசுவேன், மத்தியானம் இன்சூரன்ஸாகப் பேசுவேன், ராத்திரி தண்ணீர் பாட்டிலாகப் பேசுவேன். வீட்டுக்குப் போனால் பேச ஒன்றும் மிஞ்சியிருக்காது.

அந்த வேலையை விட்டு வந்தாயிற்று. விளம்பரமே பாவம் என்று பிரசங்கம் செய்வதற்காக இந்த மடலை எழுதவில்லை. செய்த பொருளை விற்கத்தான் வேண்டும். விற்க வேண்டுமானால் நாலு பேரிடம் சொல்லத்தான் வேண்டும். அதில் எனக்குக் கூச்சமில்லை. இன்றைக்கும் நல்ல விளம்பரம் ஒன்றைப் பார்த்தால் இதை நான் எழுதியிருக்கக் கூடாதா என்று பொறாமைதான் வருகிறது. என் குறை வேறு. சொல்வதை விட்டுவிட்டு ஒளிந்துகொள்ளப் பழகிவிட்டோம். விற்பது யார் என்றே தெரியாதபடி விற்பதுதான் திறமை என்று நினைக்க ஆரம்பித்துவிட்டோம்.

முதலில் நான் செய்ததைச் சொல்லிவிடுகிறேன்.

பேஸ்புக்கில் ஒரு பக்கத்தை நடத்துபவருக்கு ஒவ்வொரு கமெண்டின் ஓரத்திலும் மூன்று புள்ளிகள் இருக்கும். தொட்டால் சில வாய்ப்புகள் வரும். அதில் ஒன்று, மறைப்பது. நீக்குவது வேறு, மறைப்பது வேறு. நீக்கினால் எழுதியவருக்குத் தெரிந்துவிடும். அடுத்த பத்தாவது நிமிடம் ஸ்கிரீன்ஷாட்டோடு வந்து நிற்பார். மறைத்தால் அந்தத் தொல்லை இல்லை. எழுதியவர் கண்ணுக்கும் அவருடைய நண்பர்கள் கண்ணுக்கும் அது போட்ட இடத்திலேயே இருக்கும். மற்றவர்களுக்குத் தெரியாது. தன் குரல் வெளியே கேட்கிறது என்றே அவர் நினைத்துக்கொண்டிருப்பார்.

நான் சொன்ன அந்தத் தண்ணீர் பாட்டில் பிராண்டுக்கு ஒரு புது மாடல் வந்தது. பள்ளிக்கூடம் திறக்கும் நேரம். ஒரு வீடியோ போட்டு அதற்குப் பின்னால் நல்ல பணமும் விட்டிருந்தோம். மூன்றாம் நாள் ஒரு பெண்மணி எழுதினார்: “வாங்கிப் பத்து நாள் ஆகவில்லை. மூடி ஒழுகுகிறது. பையில் இருந்த மகளின் நோட்டெல்லாம் நனைந்துவிட்டது. மாற்றித் தருவீர்களா?” திட்டு இல்லை, சாபம் இல்லை, ஒரு ஆச்சரியக்குறிகூட இல்லை. பணம் ஓடிக்கொண்டிருக்கும் போஸ்ட்டின் கீழே முதல் கமெண்ட்டே ஒழுகலைப் பற்றி இருந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மறைத்தேன். வாடிக்கையாளர் சேவைப் பிரிவுக்கு ஒரு மெயிலும் போட்டேன், அது என் மனச்சாட்சிக்கு. அங்கிருந்து பதில் வரவில்லை. நானும் திரும்பக் கேட்கவில்லை.

நான்கு நாள் கழித்துத் தன் கமெண்டின் கீழேயே அவர் எழுதினார்: “யாராவது பார்த்தீர்களா?” இன்னும் ஒரு வாரம் போனது. “என்னைப்போல வேறு யாருக்காவது இப்படி ஆனதா?”

ஆகியிருந்தது. அந்த மாதத்தில் மட்டும் ஒழுகும் மூடியைப் பற்றிப் பதினோரு பேர் எழுதியிருந்தார்கள். பதினொன்றையும் நான்தான் மறைத்திருந்தேன். எல்லாம் ஒரே வீடியோவின் கீழே, ஒன்றின் தலைக்கு மேல் ஒன்றாக இருந்தன. ஒருவருக்கு மற்றவர் தெரியவில்லை. ஒவ்வொருவரும் தன் பாட்டில் மட்டும்தான் கோளாறு என்று நினைத்துக்கொண்டார்கள். மாத முடிவில் கிளையன்ட்டுக்குப் போன பிரசன்டேஷனில் ‘வாடிக்கையாளர் மனநிலை: 94 சதவீதம் பாசிட்டிவ்’ என்று ஒரு ஸ்லைடு இருந்தது. பச்சை நிறத்தில் ஒரு பெரிய வட்டம். அந்த வட்டத்தை வரைந்ததும் நான்தான்.

கடைச் சுவரில் பெரிய போர்டு வைத்திருந்தால் அந்தப் பெண்மணி அதன் கீழே போய்க் கேள்வி கேட்டிருக்கமாட்டார். போர்டு பதில் சொல்லாது என்று எவருக்கும் தெரியும். நம்முடைய பக்கம் பார்ப்பதற்கு நாலு பேர் கூடிப் பேசும் இடம் மாதிரி இருந்தது. அதனால்தான் கேட்டார். பேசும் இடம் மாதிரி காட்டிக்கொண்டு, உள்ளே போர்டாகவே இருந்தோம். எனக்கு உறுத்துவது இதுதான்.

பழைய விளம்பரங்கள் யோக்கியமானவை என்று சொல்ல வரவில்லை. பொய்யும் மிகைப்படுத்தலும் அன்றைக்கும் இருந்தன, சொல்லப்போனால் இன்னும் அதிகமாகவே இருந்தன. ஆனால் அவற்றுக்கு ஒரு வேலி இருந்தது. 1941 ஜூலை 1 அன்று நியூயார்க்கில் ஒரு பேஸ்பால் ஆட்டத்துக்கு முன்னால் தொலைக்காட்சியில் புலோவா கடிகாரம் வந்தது. அதிகாரபூர்வமான முதல் டிவி விளம்பரம் அது. அமெரிக்க வரைபடம், அதன் மேல் ஒரு கடிகாரம். வந்தது, போனது, ஆட்டம் தொடங்கியது. எது ஆட்டம், எது கடிகாரம் என்று யாருக்கும் குழப்பமில்லை. 1994 அக்டோபர் 27 அன்று ஹாட்வயர்ட் என்ற இணைய இதழில் ஏடி அண்ட் டி நிறுவனத்தின் பேனர் வந்தபோதும் அப்படித்தான். நீள்சதுரப் பெட்டி. ‘இந்த இடத்தில் எப்போதாவது மவுஸால் கிளிக் செய்ததுண்டா? செய்வீர்கள்’ என்று அதில் எழுதியிருந்தது. கொஞ்சம் திமிரான வாசகம்தான். ஆனால் பெட்டிக்கு நாலு பக்கமும் கோடு இருந்தது.

அந்தக் கோட்டை அழித்துப் பார்க்கும் ஆசை சமூக ஊடகத்தோடு வந்ததல்ல. 2002இல் சோனி எரிக்சன், கேமரா வைத்த புது போனை அறிமுகம் செய்ய அறுபது நடிகர்களை அமர்த்தியது. எம்பயர் ஸ்டேட் கட்டடம், சியாட்டிலின் ஸ்பேஸ் நீடில் மாதிரி சுற்றுலாப் பயணிகள் குவியும் இடங்களில் அவர்களும் பயணிகளைப்போல நின்றார்கள். வருகிறவர் போகிறவரிடம், “எங்களை ஒரு படம் எடுத்துத் தருகிறீர்களா?” என்று போனை நீட்டினார்கள். எடுத்துக் கொடுத்தவர்களுக்குத் தாங்கள் உதவி செய்ததாக நினைப்பு. உண்மையில் டெமோ பார்த்துக்கொண்டிருந்தார்கள். செய்தி வெளியானதும் பலருக்குக் கோபம் வந்தது. இன்று அதே வேலை நம் கையில் இருக்கும் திரையில் நாள் முழுக்க நடக்கிறது. கோபப்படக்கூட யாருக்கும் நேரமில்லை.

ஃபீடில், அதாவது விரலால் தள்ளத் தள்ள வந்துகொண்டே இருக்கும் பதிவுகளின் வரிசையில், நடப்பதற்கு வருகிறேன். உங்களுக்குத் தெரிந்ததுதான். ஆனால் இது திறந்த மடல், பக்கத்தில் நின்று படிப்பவர்களும் இருப்பார்கள். அவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன்.

என் சித்தி ஒருநாள் போனை நீட்டிக் கேட்டார். “நேற்று முழங்கால் வலி என்று பேசிக்கொண்டிருந்தோம். இன்றைக்குப் பார், முழங்கால் பெல்ட் விளம்பரமாக வருகிறது. இந்த போன் ஒட்டுக்கேட்கிறதாடா?” ஒட்டுக்கேட்க அவசியமே இல்லை சித்தி என்றேன். பேசுவதற்கு முந்தைய நாள் அவர் முழங்கால் பயிற்சிகளைப் பற்றி ஒரு தளத்தில் படித்திருந்தார். அந்தத் தளத்தில் பிக்சல் என்று ஒரு சின்ன நிரல் துண்டு இருந்திருக்கும். கண்ணுக்குத் தெரியாது. யார் வந்தார்கள், எந்தப் பக்கத்தைப் பார்த்தார்கள், கூடையில் எதைப் போட்டு வாங்காமல் போனார்கள் என்று விளம்பரத் தளத்துக்கு அது தகவல் அனுப்பும். அப்புறம் அந்தப் பொருள் ஊரெல்லாம் அவர் பின்னாலேயே வரும். நம் பாஷையில் ரீடார்கெட்டிங்.

இதோடு போவதில்லை. பில் போடும்போது எங்கோ கொடுத்த போன் நம்பர் ஒரு பட்டியலில் சேர்கிறது. அந்தப் பட்டியலைக் குறியீடாக மாற்றி விளம்பரத் தளத்தில் ஏற்றினால், அதில் இருப்பவர்களின் கணக்குகளைத் தளம் தானே பொருத்திக்கொள்ளும். அடுத்து, இவர்களைப்போலவே இருக்கும் இன்னும் சில லட்சம் பேரைக் காட்டு என்று கேட்கலாம். அதுவும் கிடைக்கும். ஒருவர் திரையை விரலால் தள்ளும் ஒவ்வொரு தடவையும், அடுத்து வரும் விளம்பர இடத்துக்கு ஒரு ஏலம் நடந்து முடிகிறது. அதில் அதிகம் கேட்டவருக்கே இடம் என்றும் இல்லை. கேட்ட தொகை ஒன்று, இந்த ஆள் இதைத் தொடுவாரா வாங்குவாரா என்ற கணிப்பு ஒன்று, விளம்பரம் எப்படிப்பட்டது என்ற மதிப்பீடு ஒன்று, எல்லாம் சேர்த்துத்தான் முடிவாகும். கண் இமைப்பதற்குள் முடிந்துவிடும்.

நான் இவ்வளவையும் விளக்கி முடித்ததும் சித்தி சொன்னார்: “ஒட்டுக்கேட்டால்கூட வாயை மூடிக்கொண்டு இருக்கலாம். இதற்கு என்னடா செய்ய?” எனக்குப் பதில் தெரியவில்லை. விளம்பரத்தின் ஓரத்தைத் தொட்டால் ‘இது ஏன் எனக்கு வந்தது’ என்று ஒரு விளக்கம் வரும் என்று காட்டிக் கொடுத்தேன். அவர் வயது, அவர் இருக்கும் நாடு, உடல்நலத்தில் ஆர்வம் என்று மூன்று வரி வந்தது. “இது எனக்கே தெரியுமே” என்று போனை வாங்கி வைத்துவிட்டார்.

நம் துறையில் இதற்குத் தயாராக ஒரு பதில் உண்டு. சம்பந்தமில்லாத விளம்பரத்தைவிடச் சம்பந்தமுள்ளது வருவது நல்லதுதானே? இதை நானே பல கூட்டங்களில் சொல்லியிருக்கிறேன். 2021 ஏப்ரலில் ஆப்பிள் அந்தப் பேச்சைச் சோதித்துப் பார்த்துவிட்டது. ஐபோனின் இயங்கு மென்பொருளான ஐஓஎஸ் 14.5 வந்தபோது, மற்ற ஆப்களிலும் தளங்களிலும் உங்களைப் பின்தொடரலாமா என்று ஒவ்வொரு ஆப்பும் வெளிப்படையாகக் கேட்டே ஆக வேண்டும் என்று விதி வந்தது. கேட்டார்கள். ஏராளமானவர்கள் வேண்டாம் என்றார்கள். அடுத்த பிப்ரவரியில், இந்த மாற்றத்தால் 2022ஆம் ஆண்டில் தங்கள் வருமானம் சுமார் 1,000 கோடி டாலர் குறையும் என்று பேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டாவே கணக்குச் சொன்னது. ஆப்பிளும் புத்தரில்லை, அதற்கும் ஒரு விளம்பர வியாபாரம் உண்டு. ஆனாலும் அந்தச் சின்னப் பெட்டி ஒரு விஷயத்தைக் காட்டிக் கொடுத்தது. நல்லது செய்கிறோம் என்று நாம் சொல்லிக்கொண்டிருந்த காலம் முழுக்க, யாரிடமும் கேட்டிருக்கவில்லை.

சிறு வியாபாரிகள் என்ன செய்வார்கள் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி, தள்ளிவிட மாட்டேன். பெரிய ஹோர்டிங் வைக்க வசதியில்லாத ஒருவர், வீட்டில் தைத்த பையைச் சரியான ஐந்நூறு பேரிடம் காட்டி விற்க முடிகிறது என்றால் அது இந்தக் கருவியால்தான். அப்படிப் பிழைப்பவர்களை எனக்குத் தெரியும். ஆனால் பெரிய பிராண்டுகள் தங்கள் வேவுக்கு வக்காலத்து வாங்க அவர்களைக் கூட்டிவந்து முன்னால் நிறுத்துவதுதான் பிடிக்கவில்லை. பை தைப்பவருக்கு ‘பை பிடித்தவர்கள்’ என்ற அளவுக்குத் தெரிந்தால் போதும். யாருக்கு முழங்கால் வலி, யார் கடனில் இருக்கிறார், யாருக்குக் குழந்தை பிறக்கப்போகிறது என்பதெல்லாம் அவர் கேட்கவே இல்லை.

பெரிய பிராண்டுகளுக்கே இதெல்லாம் எந்த அளவுக்கு வேண்டும் என்பதும் சந்தேகம்தான். 2017இல் சோப்பு, ஷாம்பூ விற்கும் பெரிய கம்பெனியான பிராக்டர் அண்ட் கேம்பிள் டிஜிட்டல் விளம்பரச் செலவில் சுமார் 20 கோடி டாலரை வெட்டியது. விற்பனையில் பெரிய பாதிப்பு ஒன்றும் தெரியவில்லை. மொபைல் ஃபீடில் ஒரு விளம்பரத்தை ஆட்கள் சராசரியாகப் பார்ப்பது 1.7 நொடி என்று அந்தக் கம்பெனியின் விளம்பரத் தலைவர் மார்க் பிரிட்சார்ட் சொன்னார். அதற்கு முந்தைய வருடம்தான், வீடியோக்களைச் சராசரியாக எவ்வளவு நேரம் பார்க்கிறார்கள் என்ற கணக்கை இரண்டு வருடமாகக் கூட்டிக் காட்டிவிட்டதாக பேஸ்புக் ஒப்புக்கொண்டிருந்தது. அந்த எண்களை நம்பித்தான் நாம் ராத்திரி உட்கார்ந்து ரிப்போர்ட் தயாரித்தோம். சிரிப்புத்தான் வருகிறது.

சரி, இன்ஃப்ளூயன்சர்கள், அதாவது சமூக ஊடகத்தில் தங்களைப் பின்தொடர்பவர்களிடம் பொருட்களைப் பற்றிப் பேசுபவர்கள். இதைக் கொஞ்சம் நிதானமாகவே பேச வேண்டும். இங்கே குற்றவாளி என்று எல்லாரும் சுட்டுவது மேடையில் நிற்பவரை. திரைக்குப் பின்னால் நிற்பது நீங்கள்.

ஒரு இன்ஃப்ளூயன்சர் பெண்ணுக்கு நான் எழுதி அனுப்பிய ஒரு பிரீஃப், அதாவது வீடியோ எப்படி இருக்க வேண்டும் என்ற குறிப்பு, இன்னும் ஞாபகம் இருக்கிறது. இரண்டு பக்கம். ‘பொருள் முதல் ஐந்து நொடிக்குள் தெரிய வேண்டும். ஆனால் திணித்த மாதிரி தெரியக் கூடாது. எழுந்ததும் இயல்பாகக் கை அதை எடுப்பதுபோல இருக்கட்டும். தலை வாரியிருக்க வேண்டாம். “கண்டுபிடித்தேன்” என்ற சொல்லைப் பயன்படுத்தவும், “அனுப்பினார்கள்” வேண்டாம்.’ கடைசி வரியைக் கவனியுங்கள். பொருளை அனுப்பியது நாங்கள். கூரியர் ரசீது என் மேஜையில் கிடக்கிறது. அந்தப் பெண் அதைக் கண்டுபிடித்ததாகச் சொல்ல வேண்டும். வீடியோ வந்தது, நன்றாக ஓடியது. விளம்பரம் என்ற குறிப்பு எங்கே இருந்தது தெரியுமா? ஒன்பது வரி எழுத்துக்குக் கீழே, பதினேழு ஹேஷ்டேக்குகளுக்கு நடுவில். அது அங்கே தானாகப் போகவில்லை. அங்கேதான் வைக்க வேண்டும் என்று நான் கேட்டுக்கொண்டேன்.

இந்தத் தந்திரம் கட்டுப்பாட்டு அமைப்புகளுக்குத் தெரியாததல்ல. 2017 ஏப்ரலில் அமெரிக்காவின் வர்த்தக ஆணையமான எஃப்டிசி இன்ஃப்ளூயன்சர்களுக்கும் கம்பெனிகளுக்குமாகத் தொண்ணூற்றுக்கும் மேற்பட்ட கடிதங்கள் அனுப்பியது. மொபைலில் இன்ஸ்டாகிராம் பார்ப்பவருக்கு முதல் மூன்று வரிதான் தெரியும், ‘மேலும்’ என்பதைத் தொட்டால்தான் மிச்சம் வரும், ஆகவே சொல்ல வேண்டியதை அதற்கு முன்னாலேயே சொல்லுங்கள், ஹேஷ்டேக் குவியலில் புதைக்காதீர்கள் என்று விவரமாகவே எழுதியிருந்தார்கள். இந்தியாவில் விளம்பரத் துறையே அமைத்துக்கொண்ட சுயகட்டுப்பாட்டு அமைப்பான ஏஎஸ்சிஐ 2021இல் நொடிக் கணக்கே போட்டுவிட்டது. பதினைந்து நொடிக்குள் அடங்கும் வீடியோ என்றால் குறிப்பு குறைந்தது மூன்று நொடி திரையில் நிற்க வேண்டும். நார்வேயில் 2022 ஜூலை முதல், விளம்பரப் படத்தில் உடம்பைத் திருத்தியிருந்தால் திருத்தியதாக முத்திரை போட வேண்டும், இன்ஃப்ளூயன்சர்களுக்கும் சேர்த்துத்தான். பிரான்ஸ் 2023 ஜூனில் இன்ஃப்ளூயன்சர்களுக்கென்றே தனிச் சட்டம் கொண்டுவந்தது.

விதிகளுக்குப் பஞ்சமில்லை. அவற்றைப் படித்துவிட்டு ‘மூன்று நொடிதானே, எந்த மூன்று நொடி?’ என்று யோசிக்கும் மூளைகளுக்கும் பஞ்சமில்லை. வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தாகப் போட்டால் விதிக்கு விதியும் ஆச்சு, கண்ணில் படவும் படாது. இப்படி ஒரு யோசனையை ஒரு கூட்டத்தில் ஒருவர் சொன்னபோது நாங்கள் எல்லாரும் சிரித்தோம். பிறகு அப்படியே செய்தோம்.

2016 டிசம்பரில் உலகப் பிரபலங்கள் பலர் ஒரே நாளில் வெறும் ஆரஞ்சு நிறக் கட்டம் ஒன்றை இன்ஸ்டாகிராமில் போட்டார்கள். பஹாமாஸ் தீவில் நடக்கப்போகும் ஃபயர் ஃபெஸ்டிவல் இசை விழாவுக்கான விளம்பரம். பணம் வாங்கிப் போட்டது என்று பல பதிவுகளில் ஒரு வார்த்தை இல்லை. அடுத்த ஏப்ரலில் பணம் கட்டிப் போனவர்களுக்குப் பேரிடர்க் கூடாரமும் ஈர மெத்தையும்தான் கிடைத்தன. ஏற்பாடு செய்தவர் மோசடி வழக்கில் ஆறு வருடச் சிறைத் தண்டனை பெற்றார். 2022 அக்டோபரில் அமெரிக்க டிவி பிரபலம் கிம் கர்தாஷியன், கிரிப்டோ டோக்கன் என்ற டிஜிட்டல் நாணயம் ஒன்றைப் பற்றிப் பதிவு போட்டதற்காக 12.6 லட்சம் டாலர் கட்டி வழக்கை முடித்துக்கொண்டார். இதில் கவனிக்க வேண்டியது, அந்தப் பதிவில் விளம்பரம் என்ற ஹேஷ்டேக் இருந்தது. இரண்டரை லட்சம் டாலர் வாங்கிக்கொண்டு போட்டது என்பதுதான் இல்லை. முதலீடு சம்பந்தப்பட்ட விஷயத்தில் அதையும் சொல்ல வேண்டும் என்கிறது அமெரிக்கச் சட்டம்.

இவர்களெல்லாம் பெரிய ஆட்கள், அபராதம் கட்டிவிட்டுப் போய்விடுவார்கள். நான் நினைப்பது பத்தாயிரம் பேர் பின்தொடரும் சின்ன ஆட்களை. பணம்கூடக் கொடுக்காமல், பொருளை மட்டும் அனுப்பி, ‘எக்ஸ்போஷர் கிடைக்கும்’ என்று சொல்லி வேலை வாங்குகிறோமே, அவர்களை. ஒரு பையன் ஒருமுறை எனக்கு எழுதினான்: “அண்ணா, இயர்போனில் வலது பக்கம் சத்தம் குறைகிறது. இதைச் சொல்லலாமா?” வேண்டாம் என்றேன். சொல்லவில்லை. அடுத்த மாதம் வாங்கி ஏமாந்தவர்கள் வந்து திட்டியது என்னை அல்ல, பிராண்டை அல்ல, அவனை. அவனை நம்பித்தான் வாங்கினார்கள். நாலு வருடமாகச் சேர்த்த பெயர். அதை ஒரு இயர்போன் விலைக்கு நாங்கள் வாங்கிச் செலவழித்துவிட்டோம்.

இன்னொரு வேஷம், நண்பன் வேஷம். இதை நான் ரசித்தே செய்தேன், மறைக்க மாட்டேன். 2013 பிப்ரவரியில் அமெரிக்கக் கால்பந்தின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுல் ஆட்டத்தின் நடுவில் மைதானத்தில் விளக்கு அணைந்ததும், இருட்டிலும் பிஸ்கட்டை முக்கித் தின்னலாமே என்று ஓரியோ ஒரு ட்வீட் போட்டது. அன்றிலிருந்து உலகத்தில் எந்த பிராண்டாலும் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியவில்லை. 2017இல் ஒரு பதினாறு வயதுப் பையன், வருடம் முழுக்க இலவச சிக்கன் நக்கெட்ஸ் வேண்டுமானால் எத்தனை ரீட்வீட் வேண்டும் என்று அமெரிக்க பர்கர் கடையான வெண்டீஸிடம் கேட்க, ‘ஒரு கோடியே எண்பது லட்சம்’ என்று பதில் வந்தது. அவன் 34 லட்சத்தைத் தாண்டியபோதே கொடுத்துவிட்டார்கள். அழகான விஷயம்தான். வேடிக்கை, அதோடு நேர்மையும் இருந்தது. வெண்டீஸ் வெண்டீஸாகவே பேசியது.

நண்பன் என்று சொல்லிக்கொண்டவன் கஷ்டத்தில் என்ன செய்கிறான் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. மீம் போடுவதற்கு ஐந்து நிமிடத்தில் அப்ரூவல் வாங்கும் நாம், ஒழுகும் மூடிக்குப் பதில் சொல்ல ஒரு மாதத்தில் அப்ரூவல் வாங்கவில்லை. 2008இல் யுனைடெட் விமானத்தில் ஒரு கனடா இசைக்கலைஞரின் கிதார் உடைந்தது. ஒன்பது மாதம் அலைந்தார். கடைசியில் 2009 ஜூலையில் அதைப் பாட்டாகவே பாடி யூடியூபில் போட்டார். லட்சக்கணக்கானோர் பார்த்ததும் கம்பெனி இறங்கி வந்தது. இதை நம் துறையில் ‘நெருக்கடி மேலாண்மை’ வகுப்புகளில் பாடமாகச் சொல்லிக் கொடுக்கிறார்கள். வகுப்பில் கற்றுக்கொள்வது என்ன? அடுத்த தடவை பாட்டு வெளியே பரவும் முன் எப்படி அமுக்குவது என்பதை. எல்லாருக்கும் பாட வராது என்பது நமக்கு எவ்வளவு வசதி!

உங்களிடம் நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. உங்கள் டார்கெட் எனக்குத் தெரியும், அதை அடையாதவர்களுக்கு என்ன நடக்கும் என்பதும் தெரியும். அதனால் நாளைக்கே வேலையை விடுங்கள் என்றெல்லாம் சொல்ல மாட்டேன். பிரீஃபில் ‘விளம்பரம்’ என்ற சொல்லை முதல் வரியில் வைக்கச் சொல்லுங்கள், படிக்கிற அளவில். ‘குறை இருந்தால் சொல்லலாம்’ என்று ஒரு வரி சேருங்கள். ரீச் குறையும், கிளையன்ட் கேட்பார், குறைந்ததைக் காட்டிவிட்டு, எதற்காகக் குறைந்தது என்றும் சொல்லுங்கள். போன் நம்பர் பட்டியலை ஏற்றும் முன், இவர்கள் இதற்காகவா நம்பர் கொடுத்தார்கள் என்று ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள். சும்மா நினைத்தால்கூடப் போதும், நான் அதைக்கூடச் செய்ததில்லை.

அப்புறம் அந்த மறைக்கும் வாய்ப்பு. ஆபாசம், மிரட்டல், சாதி மதத்தைச் சொல்லி வசை, ஸ்பேம் இவற்றை மறையுங்கள். அதற்காகத்தான் அது இருக்கிறது. ஒரு பொருளை வாங்கியவர் அந்தப் பொருளைப் பற்றிச் சொல்வதை மறைக்காதீர்கள். கீழே பதில் எழுதுங்கள். ‘மன்னிக்கவும், பார்க்கிறோம், இந்த எண்ணுக்குப் பேசுங்கள்’ என்று எழுதினால் கமெண்ட் படிக்கும் மற்றவர் ஓடிவிடுவார் என்ற பயம் எனக்கும் இருந்தது. ஓடினால் ஓடட்டும், மூடியைச் சரி செய்ய வேண்டியது தொழிற்சாலை, நாம் அல்ல. அங்கே யாருக்கும் ஒழுகுவதே தெரியாமல் போனதற்குக் காரணம் என் பச்சை வட்டம்.

வேலையை விட்ட அன்று லேப்டாப்பைக் கொடுத்தேன், ஐடி கார்டைக் கொடுத்தேன், பக்கங்களின் அட்மின் உரிமையை என் பெயரிலிருந்து எடுத்தார்கள். அந்தப் பதினோரு கமெண்டுகளையும் திறந்துவிட்டு வந்திருக்கலாம். அரை நிமிட வேலை. அன்றைக்குத் தோன்றவில்லை, தோன்றியபோது கையில் சாவி இல்லை. உங்களில் யார் கையிலோ இப்போது அது இருக்கிறது. பள்ளிக்கூடம் திறக்கும் நேரத்தில் போட்ட வீடியோ, பையிலிருந்து பாட்டிலை எடுக்கும் சிறுமியின் படம் முகப்பில் இருக்கும். கீழே போனால் அந்தப் பெண்மணியின் கேள்வி இருக்கும். மாற்றித் தருவீர்களா என்று கேட்டிருந்தார்.

இப்படிக்கு,
முன்பு உங்களோடு உட்கார்ந்திருந்த ஒருவன்